வாக்கிழந்த மக்களின் நாவலாசிரியர்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தே உள்ள எங்கள் நல்லதண்ணி, டிசம்பர்ப் போயா முதல் வெசாக் வரையில் யாத்திரிகர்க்குரியது; மற்றை மாதங்களில் மழைக்கும் மூடுபனிக்கும் உரியது. அம்மழை நாட்களில்தான் என் மாணவர்கள் படிப்பதற்கு நாவல் கேட்டு வருவார்கள். பிரதாப முதலியார் சரித்திரமும் கமலாம்பாள் சரித்திரமும் படியாதவர்க்குத் தமிழ் நாவலின் பிறப்பு விளங்காது என்பேன். துப்பறியும் கதை கேட்பவனைக் கடிந்து கொள்வதில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எத்தனையோ பேருக்கு வாசிப்பில் ருசி உண்டாக்கியவர்கள். சரித்திரக் கதைப் பிரியர்களுக்குப் பொன்னியின் செல்வன் இருக்கவே இருக்கிறது. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னே நான் எடுத்துக் கொடுப்பது சி. வி. வேலுப்பிள்ளையின் வீடற்றவன். காரணம் கேட்பவர்க்கு அவர் வாழ்க்கையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில், பெரிய கங்காணிக் குடும்பமொன்றில் 1914-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அட்டனிலும் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் கற்றார். 1934-இல் தாகூர் இலங்கை வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் இயற்றிய நாடகத்தை அம்மகாகவியிடம் காட்டினார் அவ்விளைஞர். கொழும்பிலேயே ஆங்கிலக் கவிஞராக அமர்ந்துவிட அவருக்குத் தடையேதும் இல்லை. அவரோ தோட்டத்துக்குத் திரும்பினார்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் வென்ற எழுவருள் அவரும் ஒருவர், தொகுதி, தலவாக்கலை. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட, அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுள் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தனர். வாக்காளர் இல்லாத பிரதிநிதி என்ற விசித்திரமான நிலை வேறு எந்த எழுத்தாளருக்கு வாய்த்தது?

1954-இல், இன் சிலோன்ஸ் டீ கார்டன் என்னும் அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்தது. சக்தீ பால ஐயா பின்னர் அதைத் தேயிலைத் தோட்டத்திலே என்று தமிழாக்கினார். ஆங்கிலம் கற்றோர் அதைப் படித்தனர். கொழுந்தெடுப்பவளுக்கு அது எட்டவில்லை. அவர் தமிழ் நாவலின் பக்கம் திரும்பியது இக்குறையினால்தான் என்பது என் துணிபு. வாழ்வற்ற வாழ்வு, எல்லைப்புறம், வீடற்றவன், இனிப்பட மாட்டேன் முதலியவை அங்ஙனம் பிறந்தவை.

தோட்டத்தில் சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளியின் கதை வீடற்றவன். தோட்டத்திலே வேலையும் வீடும் ஒரே முடிச்சு. பேர் வெட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவும் அவனுக்கு இல்லை. தொழிற்சங்கத்தில் உழைத்த சி. வி. இத்தகைய வழக்குகளை நேரில் அறிந்தவர். நடை சில இடங்களில் மனு எழுதியது போல வறண்டிருப்பது உண்மைதான். மெருகை நாடுவோர் வேறு நாவலுக்குப் போகலாம். அந்த முடிச்சை இத்தனை தெளிவாக அவிழ்த்துக் காட்டிய நாவல் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

லயங்களில் பாடப்பட்டவற்றைத் திரட்டி, மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற தொகுப்பாக 1983-இல் தந்தார். மறு ஆண்டு காலமானார். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்குப் பிரஜாவுரிமை அளித்த 1988, 2003-ஆம் ஆண்டுச் சட்டங்களைக் காண அவர் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் வீடற்றவனைத் திருப்பிக் கொடுக்க வந்த மாணவி ஒருத்தி, புத்தகத்தினுள் ஒரு பழைய காகிதத்தை வைத்திருந்தாள். மறந்து வைத்துவிட்டாள் போலும் என்று எண்ணி எடுத்துப் பிரித்தேன். அவளுடைய பாட்டனாரின் பற்றுச்சீட்டு.