வீட்டு எஸ்பிரெஸ்ஸோ கடை ருசிக்கு ஈடாகுமா? 1952-லேயே முயன்ற அக்கீலே காஜியா யார்?

எஸ்பிரெஸ்ஸோ கப்பின் மேல் பொன்னிறமா ஒரு நுரை நிற்குமே, அதை உலகத்துக்குப் பழக்கியவர் இத்தாலியின் மிலான் நகரில் காபிக்கடை நடத்திய அக்கீலே காஜியா.

1895-ல் பிறந்தவர். அவர் காலத்து மெஷின்கள் நீராவி பலத்தில்தான் ஓடின. அழுத்தம் சுமார் 1.5 பார். அதைக் கூட்டணும்னா கொதிகலனை இன்னும் சூடாக்கணும். சூடு ஏறினால் காபியில் கருகல் வாடை வந்துவிடும்.

1938-ல் நீராவி இல்லாத முறைக்கு காஜியா காப்புரிமை விண்ணப்பம் போட்டார். நடுவில் போர் வந்தது. 1947-ல் ஸ்பிரிங் லீவருடன் திரும்பி வந்தார். லீவரை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், வெந்நீர் உள்ளே இறங்கும். விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் ஒரே தாவலில் 8, 9 பார்! சூட்டையும் அழுத்தத்தையும் தனித்தனியா பிரித்ததுதான் அவர் செய்த பெரிய வேலை. நுரை அதன் உபயம். இதென்ன நுரை என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். அவரோ அதையே கிரேமா காபி என்று பெயர் வைத்து விற்றார். கெட்டிக்கார வியாபாரி!

1948-ல் சொந்தக் கம்பெனி. 1952-ல் வீட்டுக்கான லீவர் மெஷின், பெயர் கில்டா.

சிக்கல் இங்கேதான். கடை மெஷினில் பெரிய கொதிகலன், கனமான பித்தளை பாகங்கள். அதனால் கப்புக்குக் கப் சூடு அவ்வளவா மாறாது. சமையலறை மேடையில் வைக்கிற சின்ன மெஷினுக்கு அந்தக் கனம் கிடையாது. அழுத்தம் வந்துடும், சூடு நிலையா நிற்காது.

1961-ல் காஜியா காலமானார். அதே ஆண்டு ஃபேமா கம்பெனியின் இ61 மெஷின் மின்பம்புடன் வந்தது. கையால் லீவர் இழுக்கும் வேலை மெல்லக் குறைந்தது.

இன்றைய இத்தாலியத் தரக்கணக்கு இது: 7 கிராம் தூள், சுமார் 90 டிகிரி வெந்நீர், 9 பார், 25 விநாடி, 25 மில்லி காபி. வீட்டு மெஷின் பெட்டியில் 15 பார் என்று பெரிசா போட்டிருப்பாங்க. அது பம்பின் உச்சபட்சம்தான், அதில் மயங்க வேண்டாம். சூட்டை ஒரே நிலையில் வைக்கும் கட்டுப்பாடு இருக்கான்னு பாருங்க. அதைவிட முக்கியம் கிரைண்டர். தூள் சரியான நைசில் இல்லைன்னா எந்த மெஷினும் காப்பாத்தாது.

இந்த ரெண்டும் இருந்தால், ஒரு கப் என்றால் வீட்டிலேயே கடைக்கு ஈடா போடலாம். விருந்தாளிகள் வந்து வரிசையா 10 கப் போடணும்னா, கடை மெஷினோடு போட்டி போட முடியாது.