கேட்டறிந்த விசுவாசம்



நம்மில் பெரும்பாலோர் கைக்குழந்தையாய் ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. ஞானத்தாய் தந்தையர் நமக்காகப் பதில் சொன்னார்கள். நம் மண்ணில் பிறந்த ஒருவரோ 33-ம் வயதில், தாமே கேட்டு, தாமே யோசித்து, தம் வாயாலேயே பதில் சொன்னார். அவரே வேதசாட்சியான அர்ச்சியசிஷ்ட தேவசகாயம்.

1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி நட்டாலத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். செல்வாக்குள்ள குடும்பம், பத்மநாபபுரத்தில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவிடம் உத்தியோகம். அப்படியிருக்கையில் வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்தது. கால்நடைகள் செத்தன, விளைச்சல் பொய்த்தது. தமக்கு ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்வி அவர் மனதைக் குடைந்தது.

1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த தளபதி டிலனாய் ஒரு கத்தோலிக்கர். நண்பரின் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்த அவர், பொருளையும் பிள்ளைகளையும் இழந்தும் சர்வேசுரனை விடாத யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யோபு வாய் திறவாமல் பொறுத்தவர் மட்டுமல்ல. சாம்பலில் உட்கார்ந்து ஆண்டவரோடே வழக்காடினவர். ஆயினும் எல்லாம் தெரிந்தவர்கள்போல் பேசிய சிநேகிதர்களைவிட யோபுவே சரியாய்ப் பேசினாரென்று ஆண்டவர் தீர்ப்புச் சொன்னார். உண்மையைத் தேடிக் கேட்கும் கேள்வி பாவமல்ல.

நீலகண்டன் தாம் கேட்டதைச் சிந்தித்து, எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்துக்குச் சென்றார். சேசு சபையைச் சேர்ந்த புத்தாரி சுவாமியிடம் வேதம் கற்று, 1745 மே 14-ல் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் நாமமே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

துன்பம் நீங்கிற்றா? இல்லை, பெருகிற்று. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் போதித்தது மேலோர் பலருக்குப் பிடிக்கவில்லை. 1749-ல் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் ஏற்றி, அடித்து ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். நஷ்டம் தீரவேண்டுமென்று வேதத்தில் சேர்ந்தவராயிருந்தால் அன்றே அதை விட்டிருப்பார். அவர் கண்டடைந்தது இலாபத்தையல்ல, உண்மையை, ஆகையால் விடவில்லை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறை கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கிறது. 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ல் ரோமையில் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன.

பெற்றோரே! தகப்பன் விட்டுப்போன தோப்பானாலும், மகன் தண்ணீர் விட்டால்தானே காய்க்கும்? விசுவாசமும் அப்படியே. உங்கள் பிள்ளை, நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம் வருகிறது, பூசைக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டால், அதட்டி வாயை அடைக்காதீர்கள். அடைபட்ட கேள்வி அழிந்துபோகாது. ஒருநாள் அதுவே கோவில் வாசலைத் தாண்டிப் போய்விடும்.

இந்த வாரம் ஒருநாள், ஜெபமாலை முடிந்தபின் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தம் மனதிலுள்ள ஒரு கேள்வியைச் சொல்லட்டும். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததை ஞாயிறு பூசைக்குப்பின் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து யோசிப்போம். அர்ச்சியசிஷ்ட தேவசகாயம் நமக்காக வேண்டிக்கொள்வாராக.

உங்கள் பங்குக் குரு