இரு விளையாட்டுகளின் வீரர் எம்.ஜே.கோபாலன்

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய் நம் நாவில் ஊறும். ஆனால் விளையாட்டை நேசிப்பவர்களுக்கு அந்த ஊர் ஹாக்கியின் விளைநிலம். நம் நெல்லைச் சீமையின் பிள்ளைகள் பலர் காலையில் ஹாக்கி மட்டையும் மாலையில் கிரிக்கெட் மட்டையுமாக அலைவதை நாம் பார்த்திருக்கிறோம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று பெற்றோர் கடிந்துகொள்வதையும் கேட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் எம்.ஜே.கோபாலன்.

அமெரிக்காவில் ஜிம் தோர்ப் என்பவர் பேஸ்பால், அந்நாட்டுக் கால்பந்து ஆகிய இரண்டையுமே தொழிலாக ஆடிப் புகழ்பெற்றார். நம் மண்ணில் அப்படி இரு விளையாட்டில் நாட்டுக்காக ஆடியவர் கோபாலன். ஆனால் அவருக்கு விளையாட்டு சோறு போடவில்லை. சோறு போட்டது பர்மா ஷெல் நிறுவன வேலை. அந்த வேலை கிடைக்க உதவியவர், அவரது பந்துவீச்சைக் கண்டு வியந்த ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர்.

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொறப்பாக்கத்தில் 1909-ஆம் ஆண்டு பிறந்த கோபாலன், வேகப்பந்து வீச்சாளராக வளர்ந்தார். 1934 ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட் போட்டியில் ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த அந்த ஆட்டத்தின் முதல் பந்தை, அதாவது ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை, வீசியவர் இவரே! அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து, சென்னை வென்றது.

அடுத்த ஆண்டே ஹாக்கி மட்டையுடன் கப்பலேறினார். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் கோபாலனும் ஒருவர்.

பிறகு வந்தது 1936. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மறுபுறம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். இரண்டும் ஒரே கோடைகாலத்தில். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

நடந்தது என்ன? விஜயநகரம் இளவரசர் தலைமையில் சென்ற அந்த அணி உட்பூசலால் சிதைந்தது. லாலா அமர்நாத் முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசி டெஸ்ட் ஓவல் மைதானத்தில் தொடங்கிய அதே ஆகஸ்ட் 15-ஆம் நாள், பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அன்று அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

அதன்பின் மற்றொரு டெஸ்ட் வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை. இந்த இடத்தோடு கதையை நிறுத்தி அவரைப் பரிதாபத்துக்குரியவராக்குவது பலருக்கும் வழக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை. தவறான முடிவு என்று இன்று சொல்வது எளிது. பதக்கப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுப்பதில்லையே!

கோபாலன் கசந்துபோய் வீட்டில் முடங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சென்னை அணிக்காகப் பந்து வீசினார். முதல்தரப் போட்டிகளில் 190-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். 1953 முதல் சென்னையும் இலங்கையும் மோதிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர். 1981-இல் டெஸ்ட் தகுதி பெறும்வரை இலங்கை வீரர்கள் பலருக்கு அந்தப் போட்டி நல்ல பயிற்சிக் களமாக இருந்தது. இங்கிலாந்தில் வெளியே உட்கார வைக்கப்பட்டவர், பின்னாளில் இந்திய அணியில் யார் ஆடவேண்டும் என்று தீர்மானிக்கும் தேர்வுக்குழுவிலும் அமர்ந்தார்.

2003 டிசம்பர் 21-ஆம் நாள், 94-ஆம் வயதில், சென்னையில் அவர் காலமானார். சேப்பாக்கம் மைதானத்தின் நுழைவாயில் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.