பசுமையில் இறைவனைக் கண்ட புனிதை

மரத்தின் இலையைப் பார்க்கிறோம், கடந்துபோகிறோம். ஜெர்மனியில் 1098ம் ஆண்டு பிறந்த புனித ஹில்டெகார்ட் அப்படிக் கடந்துபோகவில்லை. சிறுவயது முதலே காட்சிகள் கண்ட இந்த பெனடிக்டின் துறவி, 42 வயதில்தான் அவற்றை எழுதத் தொடங்கினார். செடி, மரம், கல், மீன் பற்றியும் எழுதினார். 'விரிதித்தாஸ்', அதாவது பசுமை என்ற இலத்தீன் சொல் அவருக்கு மிகவும் பிடித்தமானது. இலையைத் தளிர்க்கச் செய்வதும் ஆன்மாவுக்கு உயிர் தருவதும் ஒரே இறைவன் என்பதால், இறையன்பை இழந்த உள்ளத்தை வறண்ட நிலமாகவே பார்த்தார். கோடையில் கருகிய பயிரைக் கண்ட நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த வறட்சி 1178ல் அவருடைய மடத்துக்கே வந்தது. திருஅவையிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் ஒப்புரவான ஒருவரை மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்திருந்தார். உடலை அகற்றுமாறு மைன்ஸ் நகர மறைமாவட்ட அதிகாரிகள் கட்டளையிட, எண்பது வயதான ஹில்டெகார்ட் மறுத்தார். திருப்பலிக்கும் பாடலுக்கும் தடை விழுந்தது. தாம் இசையமைத்த பாடல்களையே பாட முடியவில்லை! தடைக்குக் கீழ்ப்படிந்தார், கல்லறையை மட்டும் தொடவிடவில்லை. ஆதாம் ஏதேனில் இழந்த குரலைப் பாடல் நினைவூட்டுகிறது என்று கடிதம் எழுதி வாதாடினார். 1179ல் தடை நீங்கி, சகோதரிகள் மீண்டும் பாடினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 17ம் நாள் ஹில்டெகார்ட் இறைவனடி சேர்ந்தார்.