இறகுப்பந்து வீரர் சையது மோடி

பள்ளியில் சேர்க்கும் நாளில் பதிவேட்டில் எழுதப்படும் பெயர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் உடன்வரும். சையது மெஹ்தி ஹசன் ஸைதி என்னும் சிறுவனுக்கு அவ்வாறு உடன்வந்தது ஓர் எழுத்துப் பிழை. சேர்க்கையின்போது ஆசிரியர் ஒருவர் மெஹ்தி என்பதை மோடி என்று எழுதிவிட்டார். அதனை எவரும் திருத்தவில்லை. மோடி என்பது குஜராத்திலும் பிற பகுதிகளிலும் வழங்கும் குடிப்பெயர். அக்குடியினருக்கும் இச்சிறுவனுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஆயினும் பின்னாளில் இந்திய இறகுப்பந்து உலகம் அறிந்தது சையது மோடி என்னும் அந்தப் பெயரைத்தான்.

சையது மோடி 1962ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கே, கோரக்பூர் மாவட்டத்தில் பிறந்தார். அவருடைய சிற்றூர் சர்தார்நகருக்கு அருகில் உள்ளது. 1922ஆம் ஆண்டு நிகழ்ச்சியால் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற சௌரி சௌராவும் இந்தப் பகுதியைச் சேர்ந்ததே. கண்ணுக்கெட்டிய வரை கரும்பு விளையும் நிலம் அது. சர்தார்நகரில் பெரிய சர்க்கரை ஆலை ஒன்று இயங்கி வந்தது. மோடியின் தந்தை அந்த ஆலையில் பணிபுரிந்தார். ஆண் மக்கள் அறுவர், பெண் மக்கள் இருவர் என்று எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். எண்மரில் இளையவர் மோடி. ஆலை ஊதியத்தில் எட்டுப் பிள்ளைகளையும் வளர்ப்பது எளிதன்று. எனினும் பிள்ளைகள் அனைவருக்கும் அடிப்படைக் கல்வி கிடைத்தது.

இத்தகைய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை தேர்ந்துகொண்ட ஆட்டமோ, செலவு மிகுந்தது. பந்தும் திறந்த வெளியும் இருந்தால் ஊர்ப்பிள்ளைகள் பலர் கூடிக் கால்பந்து ஆடிவிடலாம். இறகுப்பந்து அவ்வாறு வளைந்து கொடுக்காது. அதன் எடை ஏறத்தாழ ஐந்து கிராம். வாத்தின் சிறகிலிருந்து எடுத்த பதினாறு இறகுகளைத் தக்கையில் வட்டமாகச் செருகி அதனைச் செய்வர். சிறு காற்று வீசினாலும் அது திசை மாறும். ஆதலால் கூரையிட்ட, காற்றடங்கிய அரங்கு வேண்டும். வலுவாக அடிக்க அடிக்க இறகுகள் முறியும். முறிந்த பந்து நேர்வழியில் பறக்காது. ஒரே ஆட்டத்தில் பல பந்துகள் வீணாவது வழக்கம். மட்டையின் நரம்பும் அடிக்கடி அறும். இவற்றையெல்லாம் விலைகொடுத்து வாங்கினால்தான் பயிற்சி நடைபெறும்.

தமிழ்நாட்டில் பூப்பந்து என்று வழங்கும் ஆட்டம் இதனின் வேறு. அது கம்பளி நூலால் ஆன பந்தைக் கொண்டு ஐவர் ஐவராக ஆடப்படுவது. திறந்த வெளியிலும் ஆடலாம். இரண்டினையும் ஒன்றெனக் கொள்வோர் இன்றும் உளர். மோடி ஆடியது இறகுப்பந்து.

இளையவரின் கைத்திறம் வெளிப்பட்டபோது மூத்தவர் ஐவரும் ஒன்றுசேர்ந்து அவருக்குத் துணைநின்றனர். தம் செலவுகளைக் குறைத்துக்கொண்டு, தம்பியின் பயிற்சிக்கும் உணவுக்கும் இயன்றதைக் கொடுத்தனர். மோடியின் வாழ்வைச் சொல்பவர்கள் கோப்பைகளைப் பற்றிப் பேசுமளவுக்கு இதனைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பிற்காலத்தில் வென்ற பட்டங்களுக்கெல்லாம் அடித்தளம் இங்குதான் இடப்பட்டது. ஐந்து இளைஞர்கள் தமக்குரியதை விட்டுக்கொடுத்திராவிட்டால், கரும்புக் காட்டிடையே பிறந்த பிள்ளை அரங்கின் மரத்தளத்தை மிதித்திருக்க வழியில்லை.

1976ஆம் ஆண்டில் மோடி இளையோருக்கான தேசியப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் பஞ்சாப் மாநிலம் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி தொடங்கியது. பாட்டியாலா அரசர்களின் பழைய மோதிபாக் அரண்மனையில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பட்டது அந்நிறுவனம். அங்கே புஷ்ப் குமார் பண்டாரி என்னும் புகழ்பெற்ற பயிற்றுநர் அவரை ஏற்றுக்கொண்டார். பதினான்கு வயதை எட்டும் பருவத்தில் வீட்டையும் ஊரையும் விட்டு, மொழியும் உணவும் வேறான இடத்தில் தங்கிப் பயில வேண்டியிருந்தது. பண்டாரியின் பயிற்சி 1982 வரை நீடித்தது. பின்னர், தாமே சிறந்த ஆட்டக்காரராக விளங்கியவரும் இந்திய அணியின் பயிற்றுநருமான தீபு கோஷ் அவருக்கு வழிகாட்டினார்.

ஒற்றையர் ஆட்டத்தில் கைக்கு முன்னே கால் தேற வேண்டும். களத்தின் நீளம் 13.4 மீட்டர். அதன் சரிபாதியை ஆட்டக்காரர் தனியாகக் காக்கிறார். முன்னே வலையோரம், பின்னே எல்லைக்கோடு, இடமும் வலமும் என எங்கு பந்து வந்தாலும் ஓரிரு எட்டில் அங்கே சேர வேண்டும். அடித்த மறுகணமே நடுவிடத்துக்குத் திரும்ப வேண்டும். காண்பவர் கண்ணுக்கு மட்டையின் வீச்சு தெரியும். தோல்வியைத் தருவதோ பெரும்பாலும் பிந்திய கால். பழைய எண்ணிக்கை முறையும் ஆட்டக்காரரின் பொறுமையைச் சோதிப்பதாகவே இருந்தது. இன்று ஒவ்வொரு முறை பந்து விழும்போதும் இருவரில் ஒருவருக்குப் புள்ளி சேர்கிறது. மோடியின் காலத்தில் பந்தைத் தொடங்கியவர் வென்றால்தான் புள்ளி. எதிராளி வென்றால் தொடங்கும் உரிமை மட்டுமே அவருக்குக் கைமாறும்; எண்ணிக்கை அப்படியே நிற்கும். பதினைந்து புள்ளியை எட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். மன உறுதியும் உழைப்பும் உடையவர்க்கே உரிய ஆட்டமாக அது இருந்தது. மோடி அவ்விரண்டும் உடையவர்.

1980ஆம் ஆண்டு அவர் முதன்முறையாகத் தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவ்வெற்றியின் அளவை அறிய, அதற்கு முன்பு அப்பட்டம் யாரிடம் இருந்தது என்பதை அறிய வேண்டும். 1971 முதல் 1979 வரை ஒன்பது ஆண்டுகள் அதனை எவருக்கும் விட்டுக்கொடாமல் வைத்திருந்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த பிரகாஷ் படுகோன். 1978இல் எட்மண்டன் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றவர் அவர். 1980இல் இங்கிலாந்தின் புகழ்மிக்க ஆல் இங்கிலாந்து பட்டத்தையும் வென்றார். அத்தகையவரின் நெடிய ஆட்சி முடிவுற்ற ஆண்டில், பதினெட்டு வயது நிரம்புவதற்கு முன்பே மோடி நாட்டின் முதல் ஆட்டக்காரரானார். அடுத்த ஆண்டே அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

பிறகு 1987 வரை ஆண்டுதோறும் அப்பட்டம் மோடியிடமே இருந்தது. மொத்தம் எட்டு முறை. படுகோன் டென்மார்க்கு நாட்டுக்குச் சென்று தங்கி, அயல்நாட்டுப் போட்டிகளில் மிகுதியாக ஆடிய காலம் அது. ஆதலால் மோடிக்கு உள்நாட்டில் வழி எளிதாயிற்று என்று ஒருவர் கருதக்கூடும். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் போட்டியாளர் ஒருவர் இல்லாமையால் ஓராண்டு பட்டம் கிடைக்கலாம், ஈராண்டும் கிடைக்கலாம். எட்டு ஆண்டுகள் கிடைப்பது அதனால் அன்று. ஒவ்வோராண்டும் புதிய இளைஞர்கள் அவரை வீழ்த்தும் எண்ணத்தோடே களம் புகுந்தனர். உடல் தளராத, மனம் தளராத ஒருவரே அவர்கள் அனைவரையும் திருப்பியனுப்ப முடியும்.

அக்காலத்தில் இறகுப்பந்தில் பரிசுப்பணம் மிகச் சிறிது. ஆட்டத்தை நம்பி வாழ்வது இந்திய வீரர் பெரும்பாலோர்க்கு இயலாத செயல். வீரர்களுக்கு வேலை தந்து, பயிற்சிக்கு நேரமும் தந்து காத்த நிறுவனங்களுள் இந்திய இரயில்வே முதன்மையானது. வடகிழக்கு இரயில்வேயின் தலைமையகம் கோரக்பூரில்தான் உள்ளது. மோடி அங்கே பணியில் சேர்ந்தார். பின்னர் இலக்னோவுக்கு மாற்றப்பட்டு நலவாழ்வு அலுவலராகப் பணியாற்றினார். ஆலைத் தொழிலாளியின் இளைய மகனுக்கு மாதந்தோறும் வரும் ஊதியம் எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தம்மைச் சுமந்த அண்ணன்மாருக்கு அவர் இனிச் சுமையல்லர்.

1982ஆம் ஆண்டே அவருடைய ஆட்ட வாழ்வின் உச்சம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் மோடியை எதிர்த்தவர் இங்கிலாந்தின் நிக் யேட்ஸ். முதல் சுற்று மோடியின் கையைவிட்டுப் போயிற்று. ஏழு புள்ளிகளே எடுத்தார், யேட்ஸ் பதினைந்தை எட்டினார். மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். எனவே அடுத்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும் வெள்ளியோடு திரும்ப வேண்டியதுதான். மோடி இரண்டையும் வென்றார். எட்மண்டனில் படுகோன் பெற்ற தங்கம் பிரிஸ்பேனிலும் இந்தியாவுக்கே கிட்டியது.

அவ்வாண்டின் இறுதியில், நவம்பர், டிசம்பர் மாதங்களில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறகுப்பந்தில் காமன்வெல்த் களத்தைவிட ஆசியக் களமே கடினமானது. சீனா, இந்தோனேசியா போன்ற வலிமை மிக்க நாடுகள் ஆடுவது இங்கேதான். சீனாவின் ஹான் ஜியான் தங்கமும், இந்தோனேசியாவின் லீம் ஸ்வீ கிங் வெள்ளியும் பெற்ற அந்த ஒற்றையர் போட்டியில் மோடி வெண்கலம் வென்றார். அவர் இடம்பெற்ற இந்திய ஆடவர் அணியும் வெண்கலம் பெற்றது. உலகின் முதல்வரிசை ஆட்டக்காரர்களோடு சொந்த நாட்டு மக்கள் கண்முன்னே தோளுரசி நின்ற இந்த வெண்கலம், பிரிஸ்பேன் தங்கத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று.

ஐரோப்பாவிலும் அவர் மூன்று பட்டங்கள் பெற்றார். ஆஸ்திரிய நாட்டுப் போட்டியை 1983, 1984 ஆகிய ஈராண்டுகளிலும், சோவியத் நாட்டுப் போட்டியை 1985ஆம் ஆண்டிலும் வென்றார். உலகின் மிகப் பெரிய பட்டங்கள் அவருக்கு எட்டவில்லை என்பதும் உண்மையே. உள்நாட்டில் எவராலும் வெல்லப்படாதவர், வெளிநாட்டுப் பெருங்களங்களில் அதே அளவுக்கு நிலைபெறவில்லை. சீனாவும் இந்தோனேசியாவும் டென்மார்க்கும் அடுக்கடுக்காக வீரர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. அவர்களோடு நாள்தோறும் ஆடிப் பழகும் வாய்ப்பு இந்திய வீரருக்கு இல்லை.

1986ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் அடுத்த காமன்வெல்த் போட்டி கூடியது. தன் தங்கத்தைக் காக்க மோடி அங்கே சென்றிருக்க வேண்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் நிலவிய நிறவெறி ஆட்சியோடு பிரித்தானிய அரசு உறவை முறித்துக்கொள்ளாததைக் கண்டித்து, இந்தியா உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன. அம்முடிவு அறத்தின்பாற்பட்டது. அதற்கான விலையில் ஒரு பகுதியைத் தந்தவர்கள் மோடி போன்ற வீரர்கள். களத்தில் எவரிடமும் தோற்காமலேயே அவருடைய பட்டம் மற்றொருவருக்குப் போயிற்று.

1988ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் மாலை, இலக்னோவில் உள்ள கே. டி. சிங் பாபு விளையாட்டரங்கில் பயிற்சியை முடித்துக்கொண்டு வெளியே வந்த மோடியைச் சிலர் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவ்வரங்கு, 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வளைகோல் பந்தாட்ட அணியின் தலைவர் பெயரைத் தாங்கியது. நாட்டை உலுக்கிய அக்கொலையைப் பற்றிய செய்திகள் நெடுங்காலம் நாளிதழ்களை நிறைத்தன. மோடியின் பெயரைக் கேட்டவுடன் அம்மாலையை மட்டும் நினைவுகூர்வோர் இன்றும் பலர். எட்டு ஆண்டுகள் அவர் ஆடிய ஆட்டம் அவர்களுடைய நினைவில் பின்னே போய்விட்டது. அது அவருக்கு நேர்ந்த இரண்டாவது இழப்பு.

அவர் மறைந்து இரண்டு மாதங்களுக்குள் தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. அதில் இறகுப்பந்து பதக்கமில்லாக் காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. முழுமையான ஒலிம்பிக் ஆட்டமாக அது ஏற்கப்பட்டது 1992ஆம் ஆண்டு பார்சலோனாவில். உயிரோடிருந்தால் அப்போது மோடிக்கு இருபத்தொன்பது வயது.

கோரக்பூரில் உள்ள இரயில்வே விளையாட்டரங்கம் இன்று சையது மோடி பெயரால் விளங்குகிறது. இலக்னோவில் அவர் நினைவாகத் தொடங்கப்பட்ட போட்டி, பின்னர் பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது. சாய்னா நேவால், பி. வி. சிந்து முதலியோர் அதில் ஒருமுறைக்கு மேல் பட்டம் வென்றுள்ளனர். அங்கே அயல்நாட்டு வீரர்கள் வந்து ஆடுகின்றனர். பதாகைகளிலும் கோப்பையிலும் மெஹ்தி என்ற பெயர் இல்லை, பள்ளி ஆசிரியர் எழுதிய பெயரே உள்ளது. 2012ஆம் ஆண்டு அப்போட்டியின் ஆடவர் ஒற்றையர் பட்டத்தைப் பெற்றவர் ஐதராபாத்தைச் சேர்ந்த பாருபள்ளி காஷ்யப். ஈராண்டுகள் கழித்து, 2014இல், கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் காஷ்யப் தங்கம் வென்றார். ஆடவர் ஒற்றையரில் மோடிக்குப் பின் இந்தியர் ஒருவர் அத்தங்கத்தைப் பெற முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.