ஜூலியா ஸ்மித்

ஜூலியா எவலினா ஸ்மித் (மே 27, 1792 – மார்ச் 6, 1886) அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் பெண்கள் வாக்குரிமைப் போராளியும் ஆவார். விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த முதல் பெண் இவரே. எனினும், தம் தங்கை அபியுடன் இணைந்து சொத்துவரி மதிப்பீட்டை எதிர்த்து நடத்திய போராட்டத்தாலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

கிளாஸ்டன்பரி என்னும் ஊரில் ஐந்து சகோதரிகளுள் நான்காமவராகப் பிறந்தார். தந்தை மதப்போதகராக இருந்து பின்னர் வழக்கறிஞரானவர். தாய் அடிமை முறையை எதிர்த்தவர். ஜூலியா இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கற்றார். 1871 ஆம் ஆண்டுக்குப் பின் ஜூலியாவும் அபியும் மட்டுமே எஞ்சினர். இருவரும் அப்போது மணமாகாதவர்கள். குடும்பப் பண்ணை அவர்கள் வசம் இருந்தது.

வரி மதிப்பீடு

ஊரின் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொருவரது சொத்துக்கும் மதிப்புக் குறிப்பர். அதன்மீது வரி கணக்கிடப்படும். மதிப்பீட்டாளர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆண் வாக்காளர்களே. 1873 இல் இச்சகோதரிகளின் சொத்து மதிப்பும் வேறு இரு விதவைகளின் சொத்து மதிப்பும் உயர்த்தப்பட்டன. ஆண்கள் எவரது மதிப்பும் உயர்த்தப்படவில்லை. வாக்கில்லாதோரின் சொத்தின்மீது கைவைப்பது மதிப்பீட்டாளர்களுக்கு எளிதாக இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஊர்க்கூட்டத்தில் அபி இதனைக் கண்டித்துப் பேசினார். பயன் ஏதும் விளையவில்லை. வாக்குரிமை கிடைக்கும்வரை வரி செலுத்துவதில்லை என இருவரும் முடிவு செய்தனர்.

1874 சனவரியில் வரி வசூலிப்பவர் அவர்களுடைய ஏழு பசுக்களைக் கைப்பற்றி ஏலத்தில் விட்டார். சகோதரிகள் நான்கு பசுக்களைத் தாமே ஏலம் எடுத்து மீட்டனர். பின்னாளில் பசுக்களுள் இரண்டுக்கு வரி, வாக்கு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து டாக்சி, வோட்டி எனப் பெயரிட்டனர். நாளிதழ்கள் இச்செய்தியை நாடெங்கும் பரப்பின.

நில ஏலமும் வழக்கும்

அதே ஆண்டு அவர்களது 15 ஏக்கர் மேய்ச்சல் நிலம் ஏலம் விடப்பட்டது. ஏலம் நடக்கும் இடம் மாற்றப்பட்டதால் சகோதரிகளால் உரிய நேரத்தில் விலை கேட்க இயலவில்லை. சுமார் 2,000 டாலர் மதிப்புள்ள நிலம் 80 டாலருக்கும் குறைவான விலைக்கு அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் சென்றது.

வரி பாக்கிக்கு முதலில் அசையும் பொருட்களையே கைப்பற்ற வேண்டும். அவை இல்லாதபோதே நிலத்தைத் தொடலாம் என்பது சட்டம். வீட்டில் போதிய பொருட்கள் இருந்தும் நிலம் விற்கப்பட்டதால் சகோதரிகள் வழக்குத் தொடுத்தனர். முதலில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, இறுதியாக 1876 இல் வெற்றி பெற்றனர். விற்பனை செல்லாது என்பதே இத்தீர்ப்பின் பயன். மதிப்பு உயர்த்தப்பட்டதன் நியாயம் அப்படியே நின்றது. இப்போராட்டத்தைப் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து ஜூலியா 1877 இல் நூலாக வெளியிட்டார்.

விவிலியம்

பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்து வைத்திருந்த விவிலிய மொழிபெயர்ப்பை, ஒரு பெண்ணின் கல்வித் திறனை உலகறியச் செய்ய வேண்டி 1876 இல் சொந்தச் செலவில் அச்சிட்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால் இதன் நடை சற்றுக் கடினமானது.

இறுதிக்காலம்

1878 இல் அபி இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலியா தம் 87 ஆம் வயதில் ஏமோஸ் பார்க்கர் என்பவரை மணந்தார். 1886 இல் காலமானார். கனெக்டிகட் பெண்களுக்கு அனைத்துத் தேர்தல்களிலும் வாக்குரிமை 1920 இல்தான் கிடைத்தது. சகோதரிகள் வாழ்ந்த கிம்பர்லி மாளிகை 1974 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.