ரேசா ஷா: கடன் வாங்காமல் போட்ட தண்டவாளம்

சிவில் மக்களே, முதலில் ஒரு கேஜ் கணக்கு. முதல் உலகப் போர் முடிஞ்சப்போ பாரசீகத்தில் பெரிசா ரயில்பாதைன்னு சொல்ல இருந்தது இரண்டு துண்டுதான். வடமேற்கில் ஜுல்ஃபாவிலிருந்து தப்ரீஸ் வரை, ரஷ்யா போட்டது, ரஷ்ய கேஜ். தென்கிழக்கில் குவெட்டா பக்கமிருந்து பிரிட்டிஷார் நீட்டியது, நம்ம ஊர் பிராட் கேஜ், 1676 மி.மீ. நடுவில் ஒண்ணுமே இல்லை. மலை மட்டும் காரணமில்லை. 1890-ல் ரஷ்யா அன்றைய ஷாவிடம் பத்து வருஷத்துக்கு ரயிலே போடக்கூடாதுன்னு எழுதி வாங்கியது. அப்புறம் இன்னொரு பத்து வருஷம் நீட்டிப்பு. 1907-ல் ரஷ்யாவும் பிரிட்டனும் உட்கார்ந்து நாட்டை வடக்கு, தெற்குன்னு தங்கள் செல்வாக்குப் பகுதிகளாப் பிரிச்சுக்கிட்டாங்க. பாரசீகத்தை யாரும் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் வளர்ந்தவர் ரேசா. 1878-ல் மாசாந்தரான் மலைக்கிராமமான அலஷ்தில் பிறந்தார். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். பதின்வயதில் கொசாக் படையில் சேர்ந்தார். சிப்பாய்கள் பாரசீகர்கள், மேலதிகாரிகள் ரஷ்யர்கள். 1921 பிப்ரவரியில் அதே படையோடு தெஹ்ரானைப் பிடித்தார். பிரிட்டிஷ் ஜெனரல் அயர்ன்சைடின் ஆதரவு அதற்குப் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லணும். 1923-ல் பிரதமர், 1925-ல் ஷா.

மாகாணங்கள் அப்போ கொதிச்சுக்கிட்டிருந்தன. கீலானில் ஜங்கலிகள். குசிஸ்தானில் பிரிட்டிஷ் நிழலில் இருந்த ஷேக் கஸல். லூரிஸ்தான் மலைகளில் போருக்கு முன்பு ரயில் சர்வேக்குப் போன பிரிட்டிஷ் குழுக்களுக்கே பழங்குடிகள் வழி விடவில்லை. ரேசா எல்லாரையும் அடக்கினார். லூர் மக்களை அடக்கிய விதம் கொடூரமானது. ஆடு மேய்த்து ஊர் ஊராகப் போனவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்ததில் பலர் செத்தார்கள்.

அதற்கப்புறம்தான் ரயில். வெளிநாட்டுக் கடன் வேண்டாம்னு தேயிலை, சர்க்கரை மேல் வரி போட்டார். அதாவது ஏழை குடிக்கிற ஒவ்வொரு டீயிலும் கொஞ்சம் தண்டவாளத்துக்குப் போச்சு. 1927-ல் வேலை ஆரம்பம், 1938-ல் முடிவு. காஸ்பியன் கரையிலிருந்து பாரசீக வளைகுடா வரை 1394 கி.மீ., 224 சுரங்கங்கள். கேஜ் 1435 மி.மீ., ரஷ்யாவுதும் இல்லை, இந்தியாவுதும் இல்லை! 1933 முதல் பணியை நடத்தியது காம்ப்சாக்ஸ் என்ற டென்மார்க் நிறுவனம். அவர் பிறந்த சவாத்கூ மலைப்பகுதியிலேயே வெரெஸ்க் பாலம் இருக்கு. பள்ளத்திலிருந்து 110 மீட்டர் உயரம், 66 மீட்டர் வளைவு. முதல் ரயில் போகும்போது இன்ஜினியரை குடும்பத்தோடு பாலத்துக்குக் கீழே நிற்கச் சொன்னார்னு அங்கே ஒரு கதை உண்டு. கதைதான், ஆனா அவரைப் பற்றி ஊர் என்ன நினைச்சதுன்னு புரியும்.

பாதை தப்ரீஸ், இஸ்ஃபஹான், மஷ்ஹத் எதையும் தொடவில்லை. வடக்கு-தெற்கு பாதை நாட்டு வணிகத்துக்கு உதவாதுன்னு மொசாதேக் மஜ்லிஸில் முன்பே எதிர்த்திருந்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரியுது.

1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத்தும் இரண்டு பக்கமும் நுழைந்தன. சொன்ன காரணம் ஈரானில் இருந்த ஜெர்மானியர்கள். தேவைப்பட்டது, வளைகுடாவிலிருந்து சோவியத் பக்கம் நேராகப் போகும் அந்த ரயில். செப்டம்பரில் ரேசா பதவி விலகினார். பிரிட்டிஷ் கப்பல் பம்பாய் வரை வந்தது, இறங்க விடவில்லை. மொரீஷியஸ், பிறகு ஜோஹானஸ்பர்க். 1944 ஜூலை 26-ல் அங்கேயே இறந்தார். அப்போ அவர் பாதையில் அமெரிக்கப் படையினர் டீசல் இன்ஜின் ஓட்டி, சோவியத்துக்குச் சரக்கு ஏத்திக்கிட்டிருந்தாங்க.